உள்ளே நான்கு, வெளியே ஆறு

பச்சை விளக்கு எரியும்போது விழுகிற குத்து, குத்தே அல்ல. எங்கள் கல்லூரியின் மனநல விதிகளில் பதினான்காவது விதி இதைத்தான் சொல்கிறது, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில்.

விதியை அப்படியே தருகிறேன். "கைகலப்பு நடந்த இடத்தில் இருந்த மாணவர்களில் யாருடைய மூச்சுப் பட்டை முதலில் சிவப்பு காட்டியதோ, அவரே அதைத் தொடங்கியவராகக் கருதப்படுவார்." விடுதி வாசலில், நாய்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகைக்குப் பக்கத்தில் இதை ஒட்டியிருந்தார்கள். இரண்டையும் நாங்கள் படிக்கவில்லை. நாய்களும் படிக்கவில்லை.

முந்தின வருடம் விடுதியில் ஒரு மாணவன் இறந்துபோனான். அதன் பிறகு எங்கள் மனநலத்தைக் கவனிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் மாதம் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டாம் மாதம் ஒரு பேச்சாளர் வந்து எங்களை வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லிவிட்டு, சிரிக்காமல் போனார். மூன்றாம் மாதம் பட்டை வந்தது.

மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற பட்டை. நடுவில் பொத்தான் அளவு விளக்கு, சட்டைக்கு மேலேயே தெரியும். மூச்சு, நாடித்துடிப்பு, வியர்வையின் உப்பு மூன்றையும் படிக்கும். மூச்சு நிதானமாக இருந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், வேகம் கூடினால் சிவப்பு. மூக்கால் நான்கு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. சரியாகச் செய்தால் ஒரு பெண் குரல் மெல்ல, "நன்று" என்று சொல்லும். எனக்குத் தெரிந்து அந்த வளாகத்தில் எங்களிடம் அந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆள் அந்தப் பட்டைதான்.

பச்சைக்கு இருபது இன்டர்னல் மார்க். மார்க் என்று வந்துவிட்டால் எங்களுக்கு மூளை வேலை செய்யும். முதல் வாரமே ஒருவன் தன் பட்டையை மெஸ் பூனைக்குக் கட்டிவிட்டான். பூனை இருபதுக்கு இருபது வாங்கியது. அதற்குப் பிறகு வந்த பட்டை, கட்டியிருப்பவனின் நாடியை அடையாளம் கண்டுகொண்டது. பூனை படிப்பை நிறுத்திவிட்டது.

மூச்சுப் பயிற்சி வகுப்பு எடுத்தவர் மரகதம் மிஸ். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காலை ஆறு மணிக்கு இருநூற்று நாற்பது தூக்கக் கலக்க முகங்களின் முன் உட்கார்ந்து, நாங்கள் மனிதர்கள் என்று உண்மையாகவே நம்பிப் பேசுவார். ஒன்றைக் கிண்டல் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய வகுப்பு எனக்கு வேலை செய்தது. ஒரு வருடமாகச் சரியாகத் தூங்காத நான், முதல் மாதத்திலேயே பத்து மணிக்குத் தூங்க ஆரம்பித்தேன். பிரச்சினை மூச்சில் இல்லை. விளக்கில்.

என் அறைத்தோழன் ஜெரோமுக்கு அந்த விளக்கு பச்சையாக எரிந்ததே இல்லை. மணப்பாடு பையன். கடலைத் தவிர எதற்கும் பயப்பட மாட்டான், கடலுக்கும் மரியாதைக்காகத்தான் பயப்படுவான். மின்பொறியியல் முடித்து வணிகக் கப்பலில் மின் அதிகாரியாகப் போக வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே திட்டம். சிறு வயதிலிருந்தே வீசிங். மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ விசில் அடிப்பார்கள். பட்டைக்கு வீசிங் தெரியாது. அதன் கணக்கில் ஜெரோம் எப்போதும் யாரையோ அடிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

"விலக்கு வாங்கலாம்ல மச்சான்?" என்று கேட்டேன்.

"கேட்டேம்லே. ஆஸ்துமா உள்ளவன் மனு குடுக்கலாமாம். ஆனா பதட்டத்துல கையெழுத்துப் போட்ரக் கூடாதுன்னு, பட்ட பச்சையா இருக்கும்போதுதான் மனு குடுக்கணுமாம்."

"பச்சையா இருந்தா உனக்கு விலக்கே வேண்டாமேடா."

"அதத்தாம்லே நானும் சொன்னேன். சொல்லும்போது செவப்பா இருந்துச்சுன்னு வெளிய போகச் சொல்லிட்டானுவ."

இந்த நிலையில்தான் மண்டல அமைதிக் கோப்பை வந்தது. பதினொரு கல்லூரிகள் போட்டியிட்டன. கூட்டமாக உட்கார்ந்து இருபது நிமிடம் பச்சையிலேயே இருக்க வேண்டும். எங்கள் அணிக்கு மூச்சுத் தலைவன் நவநீதன். இறுதியாண்டு மெக்கானிக்கல், கோபிப் பக்கம். ஆறடி. நிமிடத்துக்கு ஆறே மூச்சு விடுவான். பட்டை செய்கிற கம்பெனிக்காரர்கள் அவனைப் படம் எடுத்து விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

பதினெட்டாவது நிமிடம். மேடையில் நவநீதன் கண்மூடி, மைக்குக்கு முன்னால், நீண்ட வெளிமூச்சு விட்டான். மூச்சு வேறொரு வழியாகவும் வெளியேறியது. மைக் நல்ல மைக்.

யாரும் அசையவில்லை. இருபது மார்க் அப்படிப்பட்டது. ஜெரோமால் மட்டும் முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு விசில் வந்தது, பிறகு அந்த விசிலோடு சேர்ந்து ஒரு சிரிப்பு வந்ததே, அதைக் கேட்டால் செத்தவனும் சிரிப்பான். மூன்று வரிசை சிரித்தது. பிறகு முப்பது வரிசை. பட்டைக்குச் சிரிப்பும் தெரியாது. அரங்கம் முழுக்கச் சிவப்பு. மேலே இருந்து பார்த்தால் மிளகாய் காயப்போட்ட மாதிரி இருந்திருக்கும்.

கோப்பை போனது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு விடுதிக்குப் பின்னால் துணி துவைக்கும் கூடத்துக்கு நவநீதன் வந்தான். ஜெரோம் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, கொஞ்சம் நிமிந்து நில்லுங்க."

ஜெரோம் நிமிர்ந்தான். நவநீதன் நான்கு எண்ணிக்கை மூச்சை உள்ளே இழுத்தான். ஆறு எண்ணிக்கை வெளியே விட்டபடி வயிற்றில் ஒரு குத்து விட்டான். மறுபடி உள்ளே நான்கு. வெளியே ஆறு, தாடையில். ஜெரோமின் பல் ஒன்று சோப்பு நுரையில் விழுந்து வெள்ளையாக மிதந்தது.

"நன்று," என்றது நவநீதனின் நெஞ்சு.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. கீழ விழுந்துட்டீங்கன்னா எந்திரிச்சுக்குங்க, நான் இருக்கறேன். அவசரமில்லீங்க."

அப்படி ஏழு முறை. ஒவ்வொரு முறையும் அவன் காத்திருந்தான். அடியைவிட அந்தக் காத்திருப்புதான் பயமாக இருந்தது என்று ஜெரோம் பிறகு சொன்னான்.

அமைதிக் குழு கூடியது. கைகலப்புகளை விசாரிக்கும் அந்தக் குழுவுக்கு டீன் ஆலாலசுந்தரம் தலைமை. சாட்சிகளை விசாரிக்கும் பழக்கம் பட்டை வந்ததும் ஒழிந்துவிட்டது. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. நவநீதனின் கோடு, காற்றில்லாத நாளில் கிடக்கிற ஏரி மாதிரி. ஜெரோமுடையது நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. ஜெரோம்தான் தொடங்கியவன் என்று தீர்ப்பானது. எலும்பு உடைந்திருந்தால் ஒரே சம்பவத்தில் நீக்கம், இல்லையென்றால் மூன்று சிவப்புக்கு நீக்கம் என்பது விதி. பல் எலும்பில் சேருமா என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். சேராது என்று முடிவானதால் ஜெரோம் தப்பித்தான். தன் பல்லையே தான் உடைத்துக்கொண்ட குற்றத்துக்கு முதல் சிவப்பு.

இரண்டாவது சிவப்பு கேன்டீனில். ஒரு நாற்காலிக்காக சிவில் பையன்கள் இருவர் அடித்துக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் ஜெரோம் தூசியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் முதலில் சிவப்பாக இருந்தவன் அவன்தான். பெயர்கூடத் தெரியாத இரண்டு பேரின் சண்டையைத் தொடங்கிவைத்தவன் ஆனான்.

"இன்னொண்ணு ஆச்சுன்னா முடிஞ்சுதுலே," என்றான் ஜெரோம். "சர்டிபிகேட்ல வன்முறைன்னு போடுவானுவ. அப்பொறம் எந்தக் கப்பல்ல என்னைய ஏத்துவான்? தோணியில கூட எங்க சித்தப்பா ஏத்த மாட்டாரு."

இருவரும் மரகதம் மிஸ்ஸிடம் போனோம்.

"மிஸ், கோவம் வந்தா மூச்சு வேகமாகும், சரி," என்றேன். "மூச்சு வேகமா இருந்தா கோவம்னு எப்படி முடிவு பண்றாங்க?"

"இதையேதான் நான் கம்பெனி ஆளுங்ககிட்ட கேட்டேன், நம்பி. மூச்சு ஒரு கதவு மாதிரி. மெதுவா திறக்கக் கத்துக்கொடுக்கலாம். உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு கதவைப் பாத்து சொல்ல முடியாதுன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"என் பட்டை மஞ்சளாயிருக்கு, கொஞ்சம் தண்ணி குடிங்கன்னாங்க." அவர் ஜெரோமைப் பார்த்தார். "விதியை என்னால மாத்த முடியாது. உன் மூச்சை கொஞ்சம் மாத்த முடியும். மூணு வாரம் தர்றியா? இன்ஹேலரை மட்டும் நிறுத்தாதே."

மூன்று வாரம் தந்தான். தினமும் இரண்டு வேளை. வண்டு மாதிரி முனகிக்கொண்டே மூச்சை வெளியே விடும் பயிற்சி. பன்னிரண்டாம் நாள் மாடிப்படி ஏறியபோது விசில் கேட்கவில்லை. பதினாறாம் நாள் அவன் விளக்கு மஞ்சளைத் தாண்டிப் பச்சைக்குப் போய், பதினொரு நிமிடம் நின்றது. மரகதம் மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெரோம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நன்று" என்றதும், "ஏலே, என்கிட்டயாலே சொல்லுச்சு?" என்று கேட்டான்.

அன்று மதியமே விலக்கு மனுவை எழுதுவான் என்று நினைத்தேன். அவன் அறைக் கதவைச் சாத்தினான்.

"நம்பி, அடிலே."

"யாரை?"

"என்னையத்தான். கன்னத்துல. பச்ச மாறுதான்னு பாப்போம்."

"பைத்தியமாடா உனக்கு? மனுவைக் குடு, விலக்கு வாங்கு, பட்டையைக் கழட்டு, முடிஞ்சுது."

"பட்டையக் கழட்டுனா நவநீதன் அடிய விட்ருவானா? அடிக்கதுக்கு அவனுக்கு என் பட்டையா வேணும்? என் மூஞ்சி போதும்லா. நீ அடி."

அடித்தேன். மெதுவாக. அவன் திட்டினான். எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். உண்மையாக அடித்தேன். அவன் முனகிக்கொண்டே வெளிமூச்சு விட்டான். அவன் பட்டை பச்சை. என் பட்டை சிவப்பு. பக்கத்து அறைக்காரர்கள் சத்தம் கேட்டுப் புகார் செய்ய, அன்று மாலை அமைதிக் குழுவிடமிருந்து என் கைபேசிக்குச் செய்தி வந்தது: அறைத்தோழனைத் தாக்கியதற்காக முதல் சிவப்பு. விதி பதினான்கு எனக்குத் தெரிந்து சரியாக வேலை செய்தது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு என் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடித்தேன். ஒரு வாரம் இப்படியே போனது. அவன் கன்னம் வீங்கியது, முகம் மட்டும் தெளிந்துகொண்டே வந்தது. என் நகைச்சுவைகளுக்கு அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். சிரித்தால் மஞ்சள் வருமாம். மைக் கதையைச் சொன்னால்கூட ஒரு புன்னகை, அதுவும் நான்கு எண்ணி.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. நானும் ஜெரோமும் துவைக்கும் கூடத்தில் இருந்தோம். நவநீதன் உள்ளே வந்து கதவைத் தாழிட்டான்.

"ரெண்டு பேருமா இருக்கறீங்களா? நல்லதாப் போச்சுங்க."

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு இரும்பு வாளி. தாழ்ப்பாள் ஐந்தடி தூரத்தில். இரண்டையும் பார்த்தேன். இரண்டையும் தொடவில்லை.

"நிமிந்து நில்லுங்க தம்பி."

ஜெரோம் ஏற்கெனவே நிமிர்ந்துதான் நின்றான். முதல் குத்து விலாவில். ஜெரோம் முனகினான், வண்டு மாதிரி. பச்சை. இரண்டாவது மூக்கில். மூக்கு உடைந்தது, எனக்குச் சத்தம் கேட்டது. வாயால் மூச்சு விட்டான், ஆறு எண்ணி, ரத்தக் குமிழி விட்டுக்கொண்டு. பச்சை. மூன்று, நான்கு, ஐந்து. ஜெரோம் விழவில்லை.

"ஏனுங்க, விழ மாட்டீங்களா?"

"நல்லா அடிங்கண்ணே. அவசரமில்ல."

நவநீதன் அடுத்த குத்தை நான்கு எண்ணி முடிக்காமல் விட்டான். அதற்கடுத்ததை எண்ணவே இல்லை. அவன் நெஞ்சில் மஞ்சள் வந்தது. அதைக் குனிந்து பார்த்தான். ஆறு மாதமாக அந்த நிறத்தை அவன் தன் மேல் பார்த்ததில்லை. பார்த்ததும் சிவப்பானது. "டேய்!" என்று கத்தினான். மரியாதையும் போய்விட்டது. முழு பலத்தோடு பாய்ந்தான், சோப்புத் தண்ணீரில் வழுக்கினான், துவைக்கும் கல்லில் முகம் மோதி விழுந்தான். வலது கை கல்லின் மேல் கிடந்தது.

இதோடு முடிந்திருக்கலாம்.

ஜெரோம் அந்த இரும்பு வாளியை எடுத்தான். தண்ணீர் நிறைந்திருந்தது. நவநீதனின் தோளில் முழங்காலை ஊன்றினான். நான்கு எண்ணி மூச்சை இழுத்து வாளியைத் தூக்கினான். ஆறு எண்ணி இறக்கினான். சுண்டுவிரல் உடைந்தது. நவநீதன் அலறினான். ஜெரோம் காத்திருந்தான். அவன் அலறி முடிக்கும்வரை, அவசரமில்லாமல். பிறகு உள்ளே நான்கு.

"ஜெரோம், போதும்டா," என்றேன். அல்லது சொன்னதாக நினைத்தேன்.

மோதிரவிரல். நடுவிரல். கல்லில் ரத்தமும் நுரையும் கலந்து ரோஜா நிறத்தில் ஓடின. நான் மூலையில் வாந்தி எடுத்தேன்.

"நன்று," என்றது ஜெரோமின் நெஞ்சு.

அவன் என் பக்கம் திரும்பினான். முகம் பாதி சிவந்து, பாதி வீங்கி, கண் மட்டும் அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி.

"ஏலே நம்பி, பாத்தியா? பச்ச."

செவ்வாய்க்கிழமை அமைதிக் குழு கூடியது. நவநீதன் ஆஸ்பத்திரியில். எலும்பு உடைந்த சம்பவம், அதனால் யாரோ ஒருவர் அன்றே நீக்கம். நவநீதன் சிவப்பானதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ஜெரோம் செய்தது தப்புதான், ஆனாலும் போகப்போவது நவநீதன் என்று நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

திரையில் மூன்று கோடுகள் வந்தன.

"நவநீதன் ஆறாவது நிமிஷம் சிவப்பு," என்று படித்தார் டீன். "ஜெரோம், சிவப்பே இல்ல. பிரமாதம். வேல்நம்பி..." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கதவு சாத்தின பத்தாவது செகண்டுல சிவப்பு. கடைசி வரைக்கும் சிவப்பு. நிமிஷத்துக்கு நாப்பத்தொண்ணு. என்னப்பா இவ்வளவு வெறி?"

"சார், நான் ஒண்ணுமே செய்யல."

"அப்புறம் எதுக்கு இந்த மூச்சு?"

"பயந்துட்டேன் சார்."

"விதியில பயம்னு எதுவும் இல்லையேப்பா. ஏற்கெனவே இதே பையனை நீ அடிச்சதும் பதிவாயிருக்கு."

மரகதம் மிஸ் எழுந்தார். "சார், அந்த ரூம்ல நடந்ததைப் பாத்து ஒரு மனுஷனுக்கு மூச்சு வாங்கலேன்னாதான் நாம கவலைப்படணும். அந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்க. அதுல எந்த இடத்துல விரல் உடைஞ்சுதுன்னு காட்டுங்க பாப்போம். நான் கத்துக்கொடுத்தது இதுக்கில்ல சார், இதுக்கில்ல..."

"மேடம்," என்றார் டீன் மெதுவாக, "உங்க பட்டை."

மிஸ் குனிந்து பார்த்தார். உட்கார்ந்தார்.

"ஜெரோம், நீ சொல்லுப்பா. வேல்நம்பிதான் ஆரம்பிச்சானா?"

நான் ஜெரோமைப் பார்த்தேன். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால், பிறகு யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் மூன்று விரல்களும் ஒரு கப்பலும் இருந்தன. அவன் நான்கு எண்ணி மூச்சை இழுத்தான்.

"பட்ட சொல்லுததுதான் சார்," என்றான், ஆறு எண்ணி.

என்னை நீக்கினார்கள். கல்லூரியின் புதிய மூச்சுத் தலைவனாக ஜெரோமை நியமித்தார்கள். அலுவலகத்தில் என் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு ஜெரோம் வந்தான். மூக்கில் பிளாஸ்திரி. என் பெட்டியை அவனே தூக்கிவந்து வைத்தான்.

"எப்படிடா இருக்க?" என்றேன்.

"நல்லாருக்கேம்லே. வீசிங் சுத்தமா இல்ல பாத்துக்க."

அது உண்மை. உற்றுக் கேட்டேன். விசில் இல்லை.

"மச்சான், அந்த மைக் நல்ல மைக்டா," என்றேன்.

அவன் புன்னகைத்தான். நான்கு எண்ணி.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் கையசைத்தான். நான் அவன் கையைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரமாவது சிவப்பாகுமா என்று, பஸ் வளைவில் திரும்பி அவன் மறையும்வரை பார்த்தேன். பச்சை.

கண்டக்டர் டிக்கெட் பையோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்குது? ஓடி வந்து ஏறினியா?"

"இல்லண்ணே," என்றேன். "சும்மா நின்னு பாத்துட்டு இருந்தேன்."